பேசாத படத்தில் பாய்ந்த குதிரைகள்!
அமெரிக்காவின் ஊமைப்பட வீரர்கள் சென்னைப் பட்டணத்துக்கு வந்த கதை

ரயில் நிலையத்தின் சிறிய அறை. தந்தி அடிக்கும் குமாஸ்தா உட்கார்ந்து வேலை பார்க்கிறார். திடீரென்று கதவு திறக்கிறது. துப்பாக்கியோடு இரண்டு முரடர்கள் உள்ளே நுழைகிறார்கள்! குமாஸ்தாவை அடித்துப் போட்டு, கையையும் காலையும் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நிற்கிறது. கொள்ளைக்காரர்கள் அதில் தாவி ஏறுகிறார்கள். பணப்பெட்டியை வெடி வைத்துப் பிளக்கிறார்கள். பிரயாணிகளைக் கீழே இறக்கி வரிசையாக நிறுத்துகிறார்கள். பயந்து ஓடிய ஒருவர் சுடப்பட்டு விழுகிறார். பிறகு என்ஜினைத் தனியே கழற்றி ஓட்டிக்கொண்டு தப்புகிறார்கள். காட்டில் குதிரைகள் தயாராக நிற்கின்றன.

அங்கே குமாஸ்தாவின் சின்னஞ்சிறு மகள் அப்பாவைத் தேடி வருகிறாள். கட்டை அறுக்கிறாள். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறாள். அவர் எழுந்து ஓடி ஊராரை அழைக்கிறார். ஊரார் குதிரை ஏறித் துரத்துகிறார்கள். துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. கொள்ளைக்காரர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் சாகிறார்கள்.

இவ்வளவு கதையும் எத்தனை நேரத்தில் நடக்கிறது தெரியுமா? சுமார் 12 நிமிஷத்தில்! ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. பாட்டும் கிடையாது.

இந்தப் படத்தின் பெயர் ‘தி கிரேட் டிரெயின் ராபரி’. ‘பெரிய ரயில் கொள்ளை’ என்று தமிழில் சொல்லலாம். 1903-ம் ஆண்டில் எடுத்தது. எடுத்தவர் எட்வின் போர்ட்டர். போனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசனின் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர்.

படத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொள்ளைக் கூட்டத்தில் ஒருவன் திரை முழுவதும் தெரியும்படி நின்று, படம் பார்க்கிறவர்களை நோக்கியே சுடுகிறான்! இந்தக் காட்சியைப் படத்தின் ஆரம்பத்திலும் காட்டலாம், முடிவிலும் காட்டலாம் என்று கொட்டகைக்காரர்களின் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள்.

மேற்குக் கதை; எடுத்தது கிழக்கில்!

‘கௌபாய் படம்’ என்று இன்று நாம் சொல்கிறோமே, அந்த வகைப் படங்களுக்கு வழிகாட்டி இதுதான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நடப்பது போன்ற கதை. ஆனால் எடுத்ததோ கிழக்கே, நியூயார்க்கை அடுத்த நியூ ஜெர்சியில்! ஹாலிவுட்டில் அப்போது ஒரு சினிமா ஸ்டூடியோ கூட இல்லை.

‘கௌபாய்’ என்றால் யார்? மாடு ஓட்டுகிறவன். அவ்வளவுதான்.

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. டெக்சஸ் மாகாணத்தில் லட்சக் கணக்கான மாடுகள் திரிந்தன. வடக்கே பட்டணங்களில் இறைச்சிக்கு நல்ல விலை. நடுவில் ரயில் இல்லை. ஆகவே மாடுகளை மந்தை மந்தையாக நூற்றுக் கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு போய், கான்சஸ் மாகாணத்தில் ரயில் ஏற்றினார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள்தான் கௌபாய்கள். வெயில், தூசி, குறைந்த கூலி. இதுதான் அவர்கள் கண்ட வாழ்க்கை. துப்பாக்கியை விடக் கயிற்றைப் பிடித்த நேரமே அதிகம்!

முள்கம்பி வேலி வந்தது. ரயில் பாதை எல்லா இடத்துக்கும் வந்தது. 1880-களோடு அந்த நெடும் பயணம் முடிந்துபோனது. உண்மையான கௌபாயின் காலம் மறைந்து இருபது வருஷத்துக்குள் சினிமா கௌபாய் பிறந்துவிட்டான்.

குதிரை ஏறத் தெரியாத கதாநாயகன்

‘பெரிய ரயில் கொள்ளை’யில் பல சிறிய வேஷங்களில் நடித்தவர் ஓர் இளைஞர். ஓடும்போது சுடப்பட்டு விழும் பிரயாணி அவர்தான். கொள்ளைக்காரர்களில் ஒருவரும் அவர்தான். குதிரை ஏறத் தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தாராம். ஏறியதும் குதிரை கீழே தள்ளிவிட்டதாம்!

ஆனால் அவர்தான் உலகத்தின் முதல் கௌபாய் நட்சத்திரம் ஆனார். பெயர் கில்பர்ட் ஆண்டர்சன். ‘பிராங்கோ பில்லி’ என்ற பாத்திரமாகவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு படங்களில் நடித்தார். 1907-ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ‘எஸ்ஸனே’ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். கலிபோர்னியாவில் நைல்ஸ் என்ற சிற்றூரில் 1912 முதல் 1916 வரை படம் எடுத்தார். மலை, பள்ளத்தாக்கு, பக்கத்திலேயே ரயில் பாதை. படத்துக்கு வேறென்ன வேண்டும்? சார்லி சாப்ளினும் அங்கே வந்து நடித்திருக்கிறார்.

ஆண்டர்சனைப் பிறகு உலகம் மறந்துவிட்டது. 1958-ல் ஹாலிவுட் அவரைத் தேடிப் பிடித்து விசேஷ ஆஸ்கார் பரிசு கொடுத்தது. 1971-ல் தமது 90-வது வயதில் அவர் காலமானார்.

தூசி படிந்த சட்டை, பளபளக்கும் சட்டை

அடுத்து வந்தவர் வில்லியம் ஹார்ட். நாடக மேடையில் பழுத்த நடிகர். சினிமாவுக்கு வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது! சிறு வயதில் மேற்கே வளர்ந்தவர். கௌபாய் எப்படி இருப்பான் என்று கண்ணால் பார்த்தவர். ஆகவே தமது படங்களில் சட்டையில் தூசி இருக்க வேண்டும், முகத்தில் களைப்பு இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கெட்டவனாக வாழ்ந்து, கடைசியில் நல்லவனாகத் திருந்தும் வேஷம் அவருக்குக் கைவந்த கலை. ‘பிரிட்ஸ்’ என்ற அவருடைய குதிரைக்கும் ரசிகர்கள் இருந்தார்கள்.

ஹார்ட்டின் கடைசிப் படம் 1925-ல் வந்த ‘டம்பிள்வீட்ஸ்’. பதினான்கு வருஷம் கழித்து, 1939-ல், அதே படத்தைத் திரும்ப வெளியிட்டார்கள். அதற்கு முன்னுரையாக ஹார்ட் திரையில் தோன்றி ரசிகர்களிடம் பேசினார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குதிரை மீது காற்றை எதிர்த்துப் பாய்ந்த அந்த நாட்களை நினைத்து உருகினார். ரசிகர்களிடம் விடை பெற்றுக்கொண்டார். ஊமைப்படத்தில் நடித்தவரின் குரலைத் திரையில் கேட்டபோது, அது விடைபெறும் குரலாக இருந்தது!

ஹார்ட்டுக்கு நேர் எதிர் டாம் மிக்ஸ். பெரிய தொப்பி, பளபளக்கும் உடை, பிரமாதமான வித்தைகள். அவருடைய குதிரையின் பெயர் ‘டோனி’. ஹாலிவுட்டில் ஒரு பிரபல தியேட்டரின் வாசலில் நட்சத்திரங்களின் கைகால் தடத்தைச் சிமெண்டில் பதித்து வைப்பார்கள். 1927-ல் டாம் மிக்ஸ் தம் தடத்தைப் பதித்தார். பக்கத்திலேயே டோனியின் குளம்புத் தடத்தையும் பதித்தார்கள்! குதிரை மேல் எத்தனையோ ஆபத்துகளைத் தாண்டிய டாம் மிக்ஸ், 1940-ல் மோட்டார் விபத்தில் மாண்டார்.

ரயில் மேல் தாவிய பெண்கள்

குதிரையும் ரயிலும் ஆண்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. ‘ஹெலனின் ஆபத்துகள்’ என்று பொருள்படும் ஒரு தொடர் படம் 1914 முதல் 1917 வரை வெளிவந்தது. மொத்தம் 119 பாகங்கள்! கதாநாயகி ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் பெண். தறிகெட்டு ஓடும் ரயிலை நிறுத்துவாள். திருடர்களைத் துரத்துவாள். முதலில் ஹெலன் ஹோம்ஸ் என்பவரும், பிறகு ஹெலன் கிப்சன் என்பவரும் நடித்தார்கள். கிப்சன் குதிரை வித்தைக் காட்சிகளில் பழகியவர். சினிமாவில் உயிரைப் பணயம் வைத்துச் சண்டைக் காட்சியில் நடிப்பதையே தொழிலாகக் கொண்ட முதல் அமெரிக்கப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள்.

பெண்களுக்கு ஓட்டுரிமை கூட அமெரிக்கா முழுவதும் வராத காலம் அது! அந்த உரிமை வந்தது 1920-ல்தான்.

திருச்சி குமாஸ்தாவின் கூடாரம்

சரி, இந்தப் படங்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேயும் கதை ரயிலில்தான் தொடங்குகிறது. கோயம்புத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்ட வந்தார். நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்ப நினைத்தார். அவரிடமிருந்த படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். ரயில்வே உத்தியோகத்தை உதறினார். கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்! வடமேற்கே பெஷாவர் வரை போய்ப் படம் காட்டியிருக்கிறார். பிறகு கோயம்புத்தூரிலேயே நிரந்தரக் கொட்டகை கட்டினார்.

சென்னையில் ரகுபதி வெங்கையா என்பவர் இதே தொழிலில் இறங்கினார். புகைப்படக் கலைஞரான அவர், மவுண்ட் ரோடு பக்கத்தில் ‘கெயிட்டி’, தங்கசாலையில் ‘கிரவுன்’, புரசைவாக்கத்தில் ‘குளோப்’ என்று கொட்டகைகள் கட்டினார். வெள்ளைக்காரர்கள் நடத்திய ‘எலக்ட்ரிக் தியேட்டர்’ மவுண்ட் ரோடில் இருந்தது. அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் ஆபீஸ் வளாகத்தில் நிற்கிறது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஐரோப்பாவிலிருந்து படங்கள் வருவது குறைந்தது. அந்த இடத்தை அமெரிக்கப் படங்கள் பிடித்துக்கொண்டன. 1916-ல் யுனிவர்சல் கம்பெனி இந்தியாவிலேயே கிளை திறந்துவிட்டது.

பிறகென்ன? குதிரைகள் பட்டணத்துக்குள் பாய்ந்தன!

‘எடி போலோ வர்றான்!’

அந்தக் காலத்தில் சென்னைப் பையன்களின் வாயில் புரண்ட பெயர் எடி போலோ. சர்க்கஸில் இருந்து சினிமாவுக்கு வந்தவர். பிறந்தது ஆஸ்திரியாவில். புகழ் பெற்றது அமெரிக்காவில். கொண்டாடப்பட்டது நம் ஊரில்!

அவர் நடித்தவை பெரும்பாலும் தொடர் படங்கள். ஒவ்வொரு பாகமும் இரண்டு ரீல் நீளம். பாகம் முடியும்போது கதாநாயகன் மலை உச்சியில் தொங்குவான். அல்லது கதாநாயகி நெருப்புக்குள் மாட்டிக்கொள்வாள். ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று தெரிய வேண்டுமானால் அடுத்த வாரம் வர வேண்டும். இன்றைய டெலிவிஷன் தொடர்களுக்கு அதுதான் தாத்தா. 1915-ல் வந்த ‘தி புரோக்கன் காயின்’ என்ற தொடர் இந்தியாவில் சக்கைப் போடு போட்டது. ‘தி புல்ஸ் ஐ’ என்ற முழு கௌபாய் தொடரிலும் எடி போலோ நடித்திருக்கிறார்.

கொட்டகையில் படம் ஓடியது எப்படி?

காலையிலேயே மாட்டு வண்டி கிளம்பும். வண்டியின் இரண்டு பக்கமும் படத்தின் விளம்பரம். முன்னால் மேளம் முழங்கும். நோட்டீசுகள் பறக்கும். பின்னால் குழந்தைகள் பட்டாளம் ஓடும்.

மாலையில் கூடாரத்துக்குள் தரையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வசதி உள்ளவர்களுக்குப் பெஞ்சும் நாற்காலியும். ஓர் ஓரத்தில் ஆர்மோனியமும் தபலாவும். குதிரை ஓடினால் தபலா வேகமாக ஓடும். சண்டை வந்தால் ரசிகர்களே வாத்தியம்! ‘அடி! விடாதே!’ என்ற கூச்சலில் கூடாரம் அதிரும்.

படத்தில் இடையிடையே எழுத்துகள் வரும். ஆங்கிலத்தில் இருக்கும். யாருக்குப் புரியும்? அதற்காகவே ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நிற்பார். எழுத்தைப் படித்துத் தமிழில் கதை சொல்வார். சில இடங்களில் தெலுங்கிலும் சொல்வார். கெட்டிக்காரராக இருந்தால் படத்தில் இல்லாத வசனத்தையும் சேர்த்துவிடுவார்! அமெரிக்கக் கொள்ளைக்காரன் தமிழில் மிரட்டுவான். அவனுக்கு நம் ஊர்ப் பெயர் வைத்தாலும் கேட்பார் இல்லை.

உண்மையில் அவர் சொல்லாவிட்டாலும் பாதி புரிந்துவிடும். அதுதான் இந்தப் படங்களின் வெற்றி. குதிரையில் துரத்துகிறான், குழந்தை தவிக்கிறது, ரயில் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் எதற்கு? படிப்பு எதற்கு? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லாத காலம் அது. கையெழுத்துப் போடத் தெரியாத கூலித் தொழிலாளியும், வக்கீலின் மகனும் ஒரே கதையை ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். சிகாகோவில் ஒரு பையன் எந்த இடத்தில் கை தட்டினானோ, சென்னையில் ஒரு பையனும் அதே இடத்தில் கை தட்டினான்!

தெற்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம்... இவை எல்லாம் அன்று பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊர்கள். வயலும் ஏரியும் பனைமரமும் மலையுமாக இருந்த இடங்கள். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பட்டாளம் இருந்தது. கிண்டியில் குதிரைப் பந்தயம் நடந்தது. குதிரை புதிதல்ல. ஆனால் கொட்டகைகள் இருந்தது பட்டணத்தில்.

படம் பார்க்க வேண்டுமானால் இரண்டே வழி. ஒன்று, கூடாரக்காரர் தம் ஊருக்கு வரும்வரை காத்திருப்பது. இன்னொன்று, நீராவி ரயிலைப் பிடித்துப் பட்டணம் போவது. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதை தாம்பரம் வழியாகத்தான் போகிறது. திரையில் ரயில் கொள்ளையைப் பார்த்தவர்கள், புகை கக்கும் அதே மாதிரி ரயிலில்தான் இருட்டில் வீடு திரும்ப வேண்டும்!

வெள்ளைக்கார சர்க்காரின் கவலை

ஜனங்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் சர்க்கார் மகிழவில்லை.

அமெரிக்கப் படத்தில் கொள்ளை அடிக்கிறவன் வெள்ளைக்காரன். குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவனும் வெள்ளைக்காரன். கட்டிப்போட்டு உதைபடுகிறவனும் வெள்ளைக்காரன். இதை இந்திய ஜனங்கள் இரண்டணா, நாலணா கொடுத்துப் பார்த்துச் சிரித்தால், ஆளுகிற வெள்ளைக்காரனின் மதிப்பு என்ன ஆவது? இப்படி இங்கிலாந்தில் பலர் கவலைப்பட்டார்கள். அமெரிக்கப் படம் ஓடுவதால் பிரிட்டிஷ் படத்துக்கு வியாபாரம் இல்லையே என்ற ஆதங்கமும் அவர்களுக்கு இருந்தது.

1927-ல் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது. அதற்குத் தலைவர் சென்னையைச் சேர்ந்த பிரபல வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். கமிட்டி ஊர் ஊராகப் போய் நூற்றுக் கணக்கானவர்களை விசாரித்தது. இந்தியாவில் காட்டப்படும் படங்களில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வெளிநாட்டுப் படங்கள், அவற்றிலும் மிகப் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள் என்று தெரிந்தது.

1928-ல் அறிக்கை வந்தது. பிரிட்டிஷ் படங்களுக்குச் சலுகை காட்ட வேண்டியதில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது! உதவி செய்வதானால் இந்தியப் படத் தொழிலுக்குச் செய்யுங்கள் என்றது. சர்க்கார் அதைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டது.

படம் சொன்ன பெரிய பொய்

இந்தப் படங்கள் இன்பம் கொடுத்தன. அதே சமயத்தில் ஒரு பொய்யையும் சொன்னன. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலையில் இறகு சூடி, முகத்தில் வர்ணம் பூசி, கூச்சலிட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘செவ்விந்தியர்’ என்பார்கள். 1492-ல் கடல் கடந்த கொலம்பஸ், தான் இந்தியாவுக்கே வந்துவிட்டதாக நினைத்தார். அங்கே கண்டவர்களை ‘இந்தியர்’ என்றார். அந்தப் பிழையால் நம் பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

அவர்கள்தான் அந்த மண்ணின் பூர்வகுடிகள். பல நூறு கூட்டத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி மொழி, தனி வழக்கம். வந்தேறிகள் அவர்கள் நிலத்தைப் பறித்தார்கள். செய்த ஒப்பந்தங்களை மீறினார்கள். ஆனால் பெரும்பாலான படங்களில் அவர்களே வில்லன்கள்! நிலத்தைப் பறித்தவன் கதாநாயகன். நிலத்தை இழந்தவன் கொடியவன்.

‘டம்பிள்வீட்ஸ்’ படத்தில் ஒரு புகழ் பெற்ற காட்சி வருகிறது. பீரங்கி வெடித்ததும் குதிரைகளும் வண்டிகளும் ஆயிரக் கணக்கில் பாய்கின்றன. ஓடிப்போய் யார் முதலில் குச்சி நடுகிறாரோ, நிலம் அவருக்கு. 1893-ல் ஒக்லஹோமாவில் உண்மையாகவே நடந்த சம்பவம் இது. பார்க்க மெய் சிலிர்க்கும். ஆனால் அந்த நிலம் முன்பு செரோக்கி மக்களுக்கு உரியதாக இருந்தது. அந்த வேதனை திரையில் தெரியாது.

எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 1914-ல் ஹாலிவுட்டில் எடுத்த முதல் முழுநீளப் படமான ‘தி ஸ்குவா மேன்’ படத்தில், பூர்வகுடிப் பெண் வேஷத்தில் நடித்தவர் உண்மையான பூர்வகுடிப் பெண். லில்லியன் செயின்ட் சிர் என்பது அவர் பெயர். ‘ரெட் விங்’ என்று புகழ் பெற்றவர்.

இன்னொரு மறைப்பும் உண்டு. உண்மையான கௌபாய்களில் நாலு பேருக்கு ஒருவர் கறுப்பர் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். திரையில் அவர்களைக் காண்பது அபூர்வம். பில் பிக்கெட் என்ற கறுப்பர், ஓடும் குதிரையிலிருந்து காளையின் மேல் தாவி, கொம்பைப் பிடித்து மடக்குவதில் சூரர். நம் ஊர் மஞ்சுவிரட்டு வீரர்களுக்குச் சளைத்தவர் அல்ல! அவரை வைத்து 1920-களின் தொடக்கத்தில் படம் எடுத்தார்கள்.

ஒரே வருஷத்தில் இரண்டு அதிசயம்!

1931-ம் வருஷம் சென்னைக்கு மறக்க முடியாத வருஷம்.

அந்த வருஷம் மே மாதத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே பொதுமக்களுக்காக மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. சுமார் 29 கிலோமீட்டர் தூரம். புகை இல்லை. கரி இல்லை. தாம்பரத்துக்காரருக்குப் பட்டணம் பக்கத்தில் வந்துவிட்டது.

ஆறு மாதம் ஆவதற்குள், அக்டோபர் 31-ந் தேதி, சென்னை ‘கினிமா சென்ட்ரல்’ கொட்டகையில் ‘காளிதாஸ்’ வெளியானது. டி. பி. ராஜலட்சுமி நடித்த முதல் தமிழ்ப் பேசும் படம். திரை வாயைத் திறந்துவிட்டது!

தெற்கே இருந்தவர்களுக்குக் கொட்டகை எட்டும் தூரத்தில் வந்தபோது, ஊமைப்படம் விடை பெற்றுக்கொண்டிருந்தது.

பேச்சு வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. அமெரிக்க வீரன் ஆங்கிலத்தில் பேசினான். கூடாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவருக்கு அவன் அந்நியன் ஆகிவிட்டான். கதை சொன்னவருக்கு வேலை போயிற்று. ஆனால் தமிழ்ப் படத்துக்குக் கதவு திறந்தது. தமிழில் பேசி, தமிழில் பாடும் படத்தை ஹாலிவுட்டால் கொடுக்க முடியாது அல்லவா?

போன குதிரை திரும்பி வந்தது

அமெரிக்க வீரர்கள் போனாலும், அவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் போகவில்லை.

புதுக்கோட்டைக்காரரான பி. கே. நாகலிங்கம் என்ற பயில்வான், ‘ராஜா சாண்டோ’ என்ற பெயரில் பம்பாய் ஊமைப்படங்களில் கதாநாயகனாக நடித்தார். பிறகு சென்னைக்கு வந்து தமிழ் ஊமைப்படங்களை இயக்கினார். அமெரிக்கா போய் வந்த ஏ. நாராயணன், 1929-ல் சென்னையில் ‘ஜெனரல் பிக்சர்ஸ்’ கம்பெனியைத் தொடங்கி வரிசையாகப் படம் எடுத்தார். 1937-ல் வந்த ‘மின்னல் கொடி’ என்ற தமிழ்ப் பேசும் படத்தில், கே. டி. ருக்மணி ஆண் உடையில் கொள்ளைக்காரியாகக் குதிரை மேல் வந்தார். ஹெலனின் தங்கை!

பிறகு அசல் கௌபாய் உடையே தமிழுக்கு வந்தது. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ 1970-லும், ‘கங்கா’ 1972-லும் வெளியாயின. தொப்பி, துப்பாக்கி, குதிரை எல்லாம் உண்டு. பேசுவது மட்டும் நல்ல தமிழ்! 2010-ல் சிம்புதேவன் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ அந்த வகைப் படங்களையே கேலி செய்து சிரிக்க வைத்தது.

எங்கே போயின அந்தப் படங்கள்?

இப்போது வருத்தமான செய்தி.

1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் எடுத்த முழுநீள ஊமைப்படங்கள் ஏறக்குறைய 11,000. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அவற்றில் பழைய வடிவத்திலேயே முழுதாக மிஞ்சியவை நூற்றுக்கு 14 மட்டுமே! பெரும்பகுதி அடியோடு அழிந்துவிட்டது.

காரணம் என்ன? அந்தக் காலத்துப் படச்சுருள் சட்டென்று தீப்பிடிக்கும் பொருளால் ஆனது. வெயிலிலும் ஈரத்திலும் தானாகவே கெட்டுப் பொடியாகும். அதில் கொஞ்சம் வெள்ளி உண்டு. படம் ஓடி முடிந்ததும் அந்த வெள்ளிக்காகவே சுருளைக் கரைத்தார்கள். பேசும்படம் வந்த பிறகு ஊமைப்படத்தை யார் மதித்தார்கள்?

நம் நிலைமை இன்னும் மோசம். கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ வைத்து நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’தான் தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம். அதன் பிரதி இல்லை. ராஜா சாண்டோ சென்னையில் எடுத்த ஊமைப்படங்களும் இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப்படங்களில் இன்று கிடைப்பதாக அறியப்படுவது ஒன்றே ஒன்று. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’. அது தப்பியதும் ஒரு வழக்கினால்தான்! கதையின் உரிமை பற்றித் தகராறு எழுந்து, படம் முடக்கப்பட்டுப் பெட்டிக்குள் தூங்கியது. பல வருஷம் கழித்துப் புனா திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. ஓடிய படங்கள் அழிந்தன. ஓடாத படம் பிழைத்தது!

‘பெரிய ரயில் கொள்ளை’ நல்லவேளையாகப் பத்திரமாக இருக்கிறது. இன்று அதைக் கைபேசியில் இலவசமாகவே பார்க்கலாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தால், மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். குழந்தைகளுக்குக் காட்டுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இன்னொரு காரியமும் செய்யலாம். தாத்தா காலத்துப் பெட்டியில் சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கொட்டகை முன்னால் எடுத்த புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சுப் பொருள்களைச் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள். அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். படம் அழிந்துபோன இடத்தில், அது ஓடியதற்கு அந்த ஒரு துண்டுக் காகிதம்தான் சாட்சி.